நர்சம்மாவின் இரண்டாவது மெழுகுவத்தி

சேந்தமங்கலத்தில் கிளம்பிய பேருந்து அடிவாரம் வந்து சேர்வதற்குள் நர்சம்மா மூன்று பேருடைய கண்ணை இழுத்துப் பார்த்துவிடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார், எந்த ஊர் என்றெல்லாம் விசாரிப்பதில்லை. கட்டைவிரல் நேராகப் போய்க் கீழிமையை அழுத்தும். உள்ளே சிவப்பாக இருந்தால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார். வெளுத்திருந்தால் போச்சு. "சுண்ணாம்பாட்டம் கெடக்குதே கண்ணு. சத்து மாத்திர வாங்குனயா? வாங்கித் தின்னயா, இல்ல கூரச் சந்துல சொருகி வெச்சயா?" என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி ஆரம்பிப்பார். அந்தப் பெண் முதலில் திடுக்கிட்டு, பிறகு முறைத்து, மூன்றாவது நிமிடத்தில் கூரைச் சந்தை ஒப்புக்கொண்டுவிடும். அதற்குள் நர்சம்மாவின் ஆள்காட்டி விரல் என்னைக் காட்டியிருக்கும். "இந்தா ஒக்காந்திருக்காரே, இவருதான் மாத்திர குடுக்கறவரு. குடுக்கறப்ப ரெண்டு வார்த்த எடுத்துச் சொன்னா இவரு வாயில இருக்கற முத்து உதுந்துருமாக்கும்."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பதினோரு வருடங்களாகக் கொல்லிமலையில் அரசு மருந்தாளுநராக இருக்கிறேன். சொந்த ஊர் திருச்செங்கோடு, பெயர் அர்த்தனாரி. என் மேலதிகாரிகள்கூட என்னை இவ்வளவு பேர் முன்னால் இப்படிப் பேசியதில்லை. நர்சம்மாவுக்கோ என் மேல் எந்த அதிகாரமும் கிடையாது. அவர் ஓய்வு பெற்றுப் பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. அரசாங்கம் அதற்கான உத்தரவை அவர் கையிலேயே கொடுத்தது. படித்துப் பார்த்தாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

அரசாங்கப் பதிவேட்டில் அவர் பெயர் அமலோற்பவம். வயது எழுபத்தேழு. ஆத்தூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். இருபத்து நாலு வயதில் துணைச் செவிலியராக மலைக்கு வந்தவர், வந்த வேகத்தில் திரும்பிப் போய்விடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். சமவெளியிலிருந்து மலைக்கு வேலை போட்டால் யாராக இருந்தாலும் முதல் வாரமே மாறுதலுக்கு எழுதிப் போடுவது வழக்கம். நானும் போட்டேன். இவர் போடவில்லை. அரியூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த ஜான்பீட்டரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். பல சிற்றூர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்பார்கள். பையில் கத்தரிக்கோலும் கட்டுத்துணியும் வைத்துக்கொண்டு திண்ணனூர் நாட்டுக் குடியிருப்புகளுக்கு ஒற்றையடிப் பாதையில் நடந்து நடந்து, இன்று இரண்டு முழங்காலும் போய்விட்டன. நடக்க முடியாத மாமியாரை ஒன்பது வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவரும் இவர்தான். காலை நாலு மணிக்கு எழுந்து அந்தம்மாவைக் குளிப்பாட்டி, சோறாக்கி, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மரவள்ளிக் காடுகள் வழியாக வேலைக்குப் போவாராம். மகள் ஜாஸ்மின் கோயமுத்தூரில் இருக்கிறார். அவர் என்னிடம் ஒருமுறை வருத்தமாகச் சொன்னார். ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அம்மா ஓடுவாராம். பெற்ற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் 'தன்னால செரியாப் போயிரும்' என்பாராம்.

நான் குடியிருக்கும் வீடும் அவர் வீடும் ஒரே சுவர். அது என் தலையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை அசந்து தூங்கலாம் என்று படுத்தால், என் வாசலில் கைக்குழந்தையோடு இரண்டு பெண்கள் நிற்பார்கள். 'நர்சம்மா அனுப்புச்சுங்க' என்பார்கள். என் கொல்லையில் காய்த்த அவரைக்காய் எனக்குத் தெரியாமல் எந்தக் கர்ப்பிணி வீட்டுக்கோ போயிருக்கும். அவருக்கு வெள்ளிக்கிழமை விரதம். அன்றைக்கு என் அடுப்பில் முட்டை வாசம் வந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும். நான் சைவமும் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. ஆனாலும் சில வருடங்களாக வெள்ளிக்கிழமை நானும் முட்டை உடைப்பதில்லை. பயந்து அல்ல. அந்த இருமலைக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

புனிதர்களும் அவரிடம் தப்புவதில்லை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அந்தோணியார் பொறுப்பு என்பது அவர்கள் நம்பிக்கை. மூக்குக்கண்ணாடி காணோம் என்றால் அலமாரியில் இருக்கும் அந்தோணியார் சுரூபத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார். கண்ணாடி கிடைக்கும்வரை அவருக்கு அதுதான் தண்டனை. ஒருமுறை நாலு நாள் அப்படியே நின்றார். கடைசியில் கண்ணாடி என் காரின் பின் இருக்கையில் கிடந்தது. அந்தோணியாரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்றேன். "அவரு நாலு நாளா என்ன பண்ணாருன்னு மொதல்ல அவரக் கேளுங்க" என்றார்.

கார் என்றால் என்னுடைய பழைய மாருதி. அது ஓடுகிற நாட்களில் அதில், ஓடாத நாட்களில் பேருந்தில். மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கீழே இறங்கும்போது ஜெபமாலையைக் கையில் எடுப்பார், ஒரு வளைவுக்கு ஒரு மணி. ஐம்பத்து மூன்று வளைவுகளில் ஜெபமாலை முடிந்துவிடும். மிச்சம் இருக்கும் பதினேழை வீணாக்க மனம் வராமல் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு வைத்திருக்கிறார். ஐம்பத்து நாலாவது என் ரத்த அழுத்தத்துக்கு. ஐம்பத்தைந்து திருச்செங்கோட்டில் படிக்கும் என் மகனுடைய பரீட்சைக்கு. எதிரே ஒலி எழுப்பாமல் வரும் லாரிக்காரனுக்கும் ஒரு வளைவு உண்டு. இத்தனை பக்தியிலும் கண் சாலையில்தான் இருக்கும். பாதி மந்திரத்தில் நிறுத்தி, "ஏனுங்க தம்பி, ஹாரன் அடிங்க" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். ஹாரன் எப்போது அடிப்பது என்று எனக்குத் தெரியாதா?

இந்த அம்மாளைப் பிள்ளைகள் மலையில் தனியாக விட்டுவைத்திருப்பதற்கு ஒரே காரணம் பெருமாயி. மேட்டுத் தெருவில் வீடு, மிளகும் சாமையும் விளைவிக்கிற குடும்பம், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், வயது அறுபத்து நாலு. ஜான்பீட்டர் வாத்தியார் இறந்து பதின்மூன்று வருடங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்ந்ததும் பெருமாயி ஒரு போர்வையோடு நர்சம்மா வீட்டுக்கு வந்துவிடுவார், காலையில்தான் போவார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசினால் சண்டைதான். ரசத்துக்கு எத்தனை மிளகு என்பதில் ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள். அந்த வாரமும் போர்வை வந்தது. ஜாஸ்மின் மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்து கேட்கும் முதல் கேள்வியே பெருமாயி அக்கா படுக்க வருகிறாரா என்பதுதான். பெருமாயி வருவது நின்றால் மறுநாளே அம்மாவைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்விடுவதாக மகளும் மகனும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். நர்சம்மாவுக்கும் அது தெரியும். கோயமுத்தூரில் மூன்றாம் மாடி. போய் இருந்து பார்த்த ஒரு மாதத்தில் இழுத்துப் பார்க்க ஒரு கண் கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தவர் அவர்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் இந்த நவம்பர் ஒன்றாம் தேதி காலையில் என் அடுக்களைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, நான் ஆய்ந்து வைத்திருந்த கீரையை மறுபடியும் ஆய்ந்தபடி, "நாளைக்குப் பெருமாயிகிட்ட ஒண்ணு சொல்லப்போறேன் தம்பி" என்றார்.

மறுநாள் கல்லறைத் திருநாள். இறந்தவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றும் நாள். ஒவ்வொரு வருடமும் நான் கார் ஓட்ட, பெருமாயி களைக்கொத்தோடு கூட வருவார். நர்சம்மாவால் குனிய முடியாது என்பதால் வாத்தியார் கல்லறையில் முளைத்த புல்லை அவர்தான் கொத்தி எடுப்பார். சுத்தம் செய்ததும் நர்சம்மா இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவார். ஒன்று வாத்தியாருக்கு. இரண்டாவது யாருக்கு என்று பெருமாயி வருடந்தோறும் கேட்பதும், யாரும் இல்லாத ஆத்துமாவுக்கு என்று நர்சம்மா சொல்வதும் எனக்கே மனப்பாடம். மோட்சம் போவதற்கு முன் பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிப்பு ஸ்தலத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஆத்துமாக்களுக்காக இப்படி ஏற்றுவது உண்டாம். நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

அது பொய் என்றார் நர்சம்மா. நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆவணி மாதம். பெருமாயி குடும்பம் அப்போது இருந்த திண்ணனூர் நாட்டில் அவருக்கு முதல் பிரசவம், வயது பத்தொன்பது. மழையில் நடந்து இவர் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழு மணி, பெருமாயிக்கு அப்போதே பாதி நினைவுதான். குழந்தை பிறந்தது, பெண். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. எவ்வளவோ செய்து பார்த்தும் மூச்சு சரியாக வரவில்லை. பெருமாயிக்கோ ரத்தம் நிற்காமல் நினைவு தப்பிவிட்டது. குழந்தை பிழைக்காது என்று தெரிந்ததும், ஆறவைத்த வெந்நீரில் கொஞ்சம் எடுத்து அதன் நெற்றியில் மூன்று தரம் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். சாகக் கிடக்கும் குழந்தைக்குக் கத்தோலிக்கர் யார் வேண்டுமானாலும் அதைக் கொடுக்கலாம் என்று சிறு வயதிலேயே படித்தவர். பிறகு குழந்தையைப் பெருமாயியின் மாமியார் கையில் கொடுத்துவிட்டுத் தாயைக் காப்பாற்றத் திரும்பினார். இருபது நிமிடத்தில் குழந்தை போய்விட்டது. மாமியார் அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். பெருமாயி கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நர்ஸ் வருவதற்குள்ளேயே குழந்தை போய்விட்டது என்று மாமியார் அவரிடம் சொல்ல, இவரும் திருத்தவில்லை.

"பேரு வெக்கக்கூட நேரமில்லீங்க. 'பெருமாயி மகளே'ன்னு சொல்லித்தான் ஊத்துனேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைக் கேட்டு ஊற்றினீர்கள் என்றேன். அது அவர்கள் வீட்டுக் குழந்தை, அவர்களுக்கு ஒரு சாமி இருக்கிறது, உங்களுடையதை அதன் தலையில் கொட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்றேன். பதினோரு வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பதிலுக்குச் சண்டை பிடிப்பார் என்று காத்திருந்தேன். பிடிக்கவில்லை.

"தப்புத்தானுங்க. அதத்தான் சொல்லப்போறேன்."

சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கத்தினேன். பெருமாயியின் மூத்த மகன் மணிவண்ணன் முன்கோபக்காரன். பிக்கப் வண்டி ஓட்டுகிறான், கட்சிக்கொடியும் கட்டியிருக்கிறான். அவன் காதில் விழுந்தால் உங்கள் கோயில் வாசலில் கூட்டம் கூடும். அதைவிடப் பெரிது பெருமாயி. அவர் மனம் முறிந்து போர்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அடுத்த வாரம் கோயமுத்தூர் மூன்றாம் மாடிதான். நாற்பத்தைந்து வருடம் வயிற்றுக்குள் கிடந்தது இன்னும் கொஞ்ச காலம் கிடக்கட்டும், அப்படித் தாங்க முடியாவிட்டால் உங்கள் சாமியாரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன்.

"சாமியார்கிட்ட அப்பவே சொல்லிட்டேன் தம்பி. பாவமில்லன்னுட்டாரு. கடவுள்கிட்ட அது தீந்துபோச்சு. பெருமாயிகிட்டத் தீரலீங்களே." கீரைக்காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தார். "போன வருசம் என் கை நடுங்குதுன்னு அந்த மெழுகுவத்திய அவளே பத்த வெச்சா. 'ஆரு பெத்த புள்ளயோ, பாவம்'னு சொல்லிக்கிட்டே பத்த வெச்சா. எனக்குத் தாங்கலீங்க."

காரை எடுக்க மாட்டேன், நாளைக்கு வண்டி வராது என்று சொல்லிப் பார்த்தேன். சரி, நடந்து போய்க்கொள்கிறேன் என்றார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு போகவும் போவார்.

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். பனி இன்னும் விலகவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எங்களைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. பெருமாயி வழக்கம்போலச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து புல்லைக் கொத்த ஆரம்பித்தார். மெழுகுவத்தி ஏற்றுகிற நேரத்தில் நிதானமாகச் சொல்வார், அதற்குள் எப்படியாவது பேச்சை மாற்றிவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நர்சம்மாவுக்கு ஏது நிதானம்? பெருமாயி நாலு கொத்துப் போடுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். தண்ணீர் ஊற்றியதை, கேட்காமல் ஊற்றியதை, இரண்டாவது மெழுகுவத்தி யாருக்கு என்பதை, வருடா வருடம் சொன்ன பொய்யை. பிரசவ அறிக்கை படிப்பதுபோல ஒன்றையும் விடாமல் சொன்னார். கடைசியில் இதையும் சொன்னார். "ஒன்னயக் கேக்காமச் செஞ்சுட்டேன் பெருமாயி."

பெருமாயி தலை நிமிரவில்லை. கொத்திக்கொண்டே இருந்தார். புல் தீர்ந்து வெறும் மண்ணைக் கொத்தினார். நர்சம்மா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு பேரில் யாராவது ஒருவர் பேசித் தொலைக்க மாட்டார்களா என்று இருந்தது. மணிவண்ணனுக்கு என்ன பதில் சொல்வது, ஜாஸ்மினுக்கு என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். பெருமாயி மதத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவர் அதைக் கேட்கவே இல்லை. களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"தண்ணிய ஊத்துனீங்க, சரி. புள்ளயப் பாத்தீங்கல்ல? நாம் பாக்கலீங்க நர்சம்மா. எங்க மாமியா எனக்குக் காட்டவேயில்ல. ஒருத்தருமே பாக்கல, அவ ஒருத்திதாம் பாத்தான்னு இத்தன வருசம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க கையில வெச்சிருந்திருக்கீங்க. தெனமும் ஒங்க ஊட்டுல வந்து படுக்கறேன். ஒரு நாளாவது வாயத் தொறந்தீங்களா?"

நர்சம்மா ஏதோ சொல்லப் போனார். பெருமாயி கேட்கவில்லை. இனி உங்கள் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார். நான் நர்சம்மாவைப் பார்த்தேன். திருப்திதானே என்று கேட்க நாக்கு வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு கேட்க முடியவில்லை. ஐம்பது வருடம் எல்லாரையும் அதட்டிக்கொண்டு இருந்தவர் அடி வாங்கிய பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் இருந்தது. அந்தக் கோபத்தோடு அழுகையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெருமாயி வாசலைத் தாண்டவில்லை. கம்பிக் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். பிறகு போன வேகத்தில் பாதி வேகத்தில் திரும்பி வந்தார். நர்சம்மாவுக்கு எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டார். கோபம் இன்னும் முகத்தில் அப்படியே இருந்தது.

"எவ்ளோ பெருசு இருந்துச்சு?"

நர்சம்மா ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, உள்ளங்கை ஒன்றையொன்று பார்க்க நிறுத்தினார். வலது கையைக் கொஞ்சம் தள்ளினார். யோசித்து, மறுபடி ஒரு விரல் அளவு உள்ளே கொண்டுவந்தார். அந்த இடைவெளியில் பனியைத் தவிர ஒன்றும் இல்லை. பெருமாயி மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலை நர்சம்மாவின் இடது உள்ளங்கையில் ஊன்றிச் சாண் வைத்து அளந்தார். ஒரு சாண். இரண்டு சாண். அதற்கு மேல் நாலு விரல். நர்சம்மாவின் கைகள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. பெருமாயி கையை எடுத்து, மறுபடியும் இடப்பக்கத்திலிருந்து அளக்கத் தொடங்கினார்.